உங்கள் அடுப்புக்கு எந்த மாட்டிறைச்சிக் கொய்த்தியாவ்?

பட்டையான அரிசி நூடுல்ஸும் மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சியும் கையில் இருந்தால் தென்கிழக்காசியாவில் ஊருக்கு ஒரு விதமாகச் சமைப்பார்கள். பாங்காக்கில் அது பட் சீயூ, குழம்பு ஊற்றினால் ராட் நா. மலேசியாவின் கோலாலம்பூர், ஈப்போவில் கண்டோனியச் சீனர்களின் கடைகளில் கறுப்பாக வறுத்த ஹோர் ஃபன். அதிலேயே முட்டைக் குழம்பு ஊற்றியது வாட் டான் ஹோர். இந்தோனேசியாவில், மேற்குக் கலிமந்தானின் பொந்தியானாக்கில் தியோச்சியூ சீனர்களின் க்வெத்தியாவ் சாப்பி. வியட்நாமில் ஃபோ சாவ். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தமிழர்களுக்கு இந்த நூடுல்ஸ் மொத்தமும் கொய்த்தியாவ்தான்.

வீட்டில் முதலில் எதைச் செய்து பார்க்கலாம் என்று கேட்டால் பேச்சு உடனே சாஸ் பக்கம் போய்விடுகிறது. எந்தச் சிப்பி சாஸ், கறுப்பு சோயா எத்தனை கரண்டி, மீன் சாஸ் உண்டா இல்லையா. என்னைக் கேட்டால் சாஸ் கடைசிப் பிரச்சினை. அடுப்பு எப்படிப்பட்டது, நூடுல்ஸ் புதுசா காய்ந்ததா, சாப்பிட எத்தனை பேர் என்ற மூன்றையும் சொன்னால் எதைச் சமைக்கலாம் என்று சொல்லிவிடலாம். மனசுக்குப் பிடித்த உணவை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் அடுப்போடு மல்லுக்கட்டுவதால்தான் பலர் வீட்டில் கொய்த்தியாவ் களியாகிறது.

வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 3 கிலோவாட் வெப்பம் தரும். சீனக் கடைகளில் உறுமிக்கொண்டு எரிகிறதே, அது 20, 30 கிலோவாட் வரை போகும். அந்தத் தீயில் வோக் சட்டியைத் தூக்கிப் போடும்போது நூடுல்ஸில் இருக்கும் ஈரம் அந்தக் கணமே ஆவியாகிறது, தெறிக்கிற எண்ணெய்த் துளி தீயில் பற்றுகிறது, இரும்பில் பட்ட சோயாவும் சர்க்கரையும் கருகும் தறுவாயில் நூடுல்ஸில் ஒட்டிக்கொள்கிறது. கண்டோனியர் வோக் ஹே என்று கொண்டாடும் புகை மணம் இதுதான். நம் அடுப்பில் அரைக் கிலோ நூடுல்ஸைக் கொட்டினால் சட்டி குளிர்ந்துபோகும். ஈரம் ஆவியாக வழியில்லாமல் அடியில் தேங்கும், நூடுல்ஸ் அதில் வெந்து குழையும். அதை ஒட்டவிடாமல் கிண்டினால் துண்டு துண்டாகும். சாஸை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் கறுப்பு ஹோர் ஃபனை முதல் முயற்சிக்கு நான் சொல்லவே மாட்டேன், இந்தக் கூட்டத்தில் எனக்கு அதிகம் பிடித்தது அதுதான் என்றாலும். அதில் மறைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. நூடுல்ஸ், இறைச்சி, வெங்காயம், வெங்காயத்தாள், தவுகே என்கிற முளைப்பயறு, சோயா. குழம்பு கிடையாது, முட்டை கிடையாது. நல்ல கடையில் தட்டு வரும்போது பாருங்கள்: நூடுல்ஸ் ஒவ்வொன்றும் முழு நீளத்தில் தனித்தனியாக இருக்கும், ஒரே சீரான பழுப்பு நிறம், தவுகே நறுக்கென்று கடிபடும், சாப்பிட்டு முடித்தபின் தட்டின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்காது. இது முழுக்கத் தீயின் வேலை. வீட்டில் இதைச் செய்தே தீருவேன் என்றால் ஒரு தடவைக்கு ஒரே ஆளுக்கு, 200 கிராம் நூடுல்ஸுக்கு மேல் போடாதீர்கள். நான்கு பேருக்கு நான்கு தடவை. நான்காவது ஆள் சாப்பிட உட்காரும்போது முதல் ஆள் கை கழுவிவிட்டுப் படுக்கப் போயிருப்பார்.

பட் சீயூ வீட்டு அடுப்புக்கு இரக்கம் காட்டும். அதே பட்டை நூடுல்ஸ், தாய்லாந்தில் சென் யாய் என்பார்கள். கூட முட்டை, பூண்டு, கைலான் கீரை. தாய்லாந்துக் கறுப்பு சோயாவில் வெல்லப்பாகு கலந்திருப்பதால் கெட்டியாக, இனிப்பாக இருக்கும். அந்தச் சர்க்கரை மிதமான சூட்டிலேயே சிவந்துவிடும். வோக் ஹே கிடைக்காவிட்டாலும் கருகலுக்கு அருகே போன ஒரு இனிப்பு கிடைக்கும். அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், சும்மா இருப்பது. சட்டி புகையத் தொடங்கியதும் எண்ணெய் விட்டு நூடுல்ஸைப் பரப்புங்கள், சாஸை ஊற்றி இரண்டு புரட்டுப் புரட்டி அகப்பையைக் கீழே வையுங்கள். 30, 40 விநாடி தொடக் கூடாது. முதலில் வரும் சத்தம் ஈரச் சத்தம், சளசளவென்று இருக்கும். அது மெல்லக் காய்ந்து படபடவென்று மாறும். நூடுல்ஸின் ஓரம் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும், மணம் சோயாவிலிருந்து காய்ச்சின சர்க்கரைப் பக்கம் திரும்பும். அப்போது அடியில் அகப்பையை விட்டு மொத்தமாகத் திருப்பிப் போடுங்கள், கிளறாதீர்கள். இப்படி இரண்டு முறை. இரண்டு பேருக்கு, ஒரு ஆளுக்கு ஒரு சட்டி என்று செய்தால் நேரமும் சரியாக இருக்கும், ருசியும் கடைக்குப் பக்கத்தில் வரும்.

இதற்கு வோக் கூட வேண்டாம் என்பேன். வீட்டு பர்னரில் வோக்கின் அடிப்பாகம் மட்டும்தான் சுடும், பக்கங்கள் வெதுவெதுப்பாகவே இருக்கும். நன்கு பழகிய இரும்பு வாணலி, அல்லது விளிம்பு உள்ள கனமான இரும்புத் தோசைக்கல் இருந்தால் நூடுல்ஸ் முழுவதும் சூடான இரும்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். பட் சீயூவுக்கு வேண்டியது அதுதான். இண்டக்‌ஷன் அடுப்புக்காரர்களுக்கும் தட்டையான அடிதான் வழி. நான்ஸ்டிக் வேண்டாம், 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், காலிச் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது.

நான்கைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அடுப்போ சாதாரணம் என்றால் கேள்வியே இல்லை, குழம்பு வகைதான். ராட் நா, வாட் டான் ஹோர் இரண்டிலும் வேலை இரண்டாகப் பிரிகிறது. நூடுல்ஸைக் கொஞ்சம் கறுப்பு சோயா பிசறி, பகுதி பகுதியாகச் சட்டியில் வாட்டித் தட்டுகளில் எடுத்து வைத்துவிடலாம். ஆறினாலும் பரவாயில்லை, மேலே கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வரப்போகிறது. குழம்பை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் ஒரே பாத்திரத்தில் வைக்கலாம். வலுவில்லாத தீ இங்கே ஒரு குறையே அல்ல. இதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். வாட்டின நூடுல்ஸின் மணம் குழம்பில் இறங்கும்போது வருகிற ருசி உலர் வகையில் கிடையாது.

இரண்டுக்கும் குழம்பில் வித்தியாசம் உண்டு. ராட் நாவில் தாவ் ஜியாவ் என்கிற, புளிக்கவைத்த சோயா அவரைப் பசை சேரும். உப்பும் லேசான துவர்ப்புமாக மாட்டிறைச்சியோடு நன்றாக ஒட்டும். கீரை கைலான், குழம்பில் முட்டை இல்லை. இரண்டு பேருக்கு அரை லிட்டர் எலும்புச் சாறு, ஒரு மேசைக்கரண்டி தாவ் ஜியாவ், ஒரு மேசைக்கரண்டி சிப்பி சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கெட்டியாக்க இரண்டரை மேசைக்கரண்டி மரவள்ளி மாவோ சோள மாவோ தண்ணீரில் கரைத்தது. வாட் டான் ஹோரில் தாவ் ஜியாவ் இல்லை; குழம்பு கெட்டியானதும் அடுப்பை அணைத்து, அடித்த முட்டையை நூல் மாதிரி ஊற்றி ஒரே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அடுப்பு எரியும்போதே ஊற்றினால் முட்டை பொரியலாகிக் குழம்பு கலங்கிவிடும். முட்டை பட்டுத்துணி போல மடிந்து மடிந்து நின்றால் சரி. முதல் தடவைக்கு ராட் நா எளிது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாட் டான் ஹோர்தான் ஜெயிக்கும்.

மலேசியாவில் ஹலால் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டோனிய சமையலில் ஷாவ்சிங் அரிசி மது சாதாரணமாக விழும். அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் சாறும் இரண்டு சொட்டு வினிகரும் சேர்த்தால் போதும், பெரிய இழப்பு இல்லை. தாய்லாந்து பாணியில் சமைக்கும் மலாய்க்காரர்களின் தொம்யாம் கடைகளில் கொய்த்தியாவ் லட்னா என்று கிடைப்பது ராட் நாவின் உறவுதான். வீட்டில் செய்யுமுன் அங்கே ஒரு தட்டு சாப்பிட்டால் குழம்பின் பதம் தெரிந்துவிடும்.

மற்றவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொந்தியானாக்கின் க்வெத்தியாவ் சாப்பியில் மாட்டிறைச்சியோடு குடலும் இறைச்சி உருண்டையும் சேரும். அதற்குச் சாமான் திரட்டுவதே ஒரு காலைப் பொழுது, கடையில் சாப்பிடுவது உத்தமம். ஆனால் இந்தோனேசியர்கள் போல இனிப்புக் கிச்சாப் என்கிற இனிப்பு சோயா சாஸைச் சேர்த்து வறுக்கும் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தாய்லாந்துக் கறுப்பு சோயா கிடைக்காத ஊரில் பட் சீயூவுக்கு அது கைகொடுக்கும், சர்க்கரையை விட்டுவிட வேண்டும். ஃபோ சாவில் நூடுல்ஸை மொறுமொறுவென்று பொரித்து மேலே மாட்டிறைச்சியும் கீரையும் ஊற்றுகிற வகை ஒன்று உண்டு. நூடுல்ஸ் உடைந்துபோன நாளில் அதை நினைத்துக்கொள்ளுங்கள், உடைசலை அடை போலத் தட்டிப் பொரித்துவிடலாம். தாய்லாந்தின் இன்னொரு வறுத்த நூடுல்ஸான பட் தாயில் மாட்டிறைச்சி போடலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். மெல்லிய நூடுல்ஸ், புளி, மீன் சாஸ், பனைவெல்லம், வேர்க்கடலை எல்லாம் இறாலுக்காக அமைந்த கூட்டணி. தாய்லாந்திலேயே குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீன வம்சாவளியினர் பலர் மாட்டிறைச்சி தொடுவதில்லை. நூடுல்ஸ் கடைகளில் பன்றியும் கோழியும் அதிகம் தென்பட அதுவும் ஒரு காரணம்.

இனி நூடுல்ஸ். இங்கேதான் காசும் நேரமும் வீணாகிறது.

புது கொய்த்தியாவ் என்பது அரிசி மாவுக் கரைசலை மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்து, எண்ணெய் தடவி மடித்து வெட்டியது. காலையில் பசாரில் வாங்கும்போது பொட்டலம் வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். பையின் மேலாக இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அடுக்குகள் வழுக்கிக்கொண்டு விலகினால் புதுசு. கட்டியாக நின்று, வளைத்தால் கீறல் விட்டால் அது குளிர்பெட்டியில் ஒரு இரவு கழித்தது. அரிசியில் இருக்கும் மாவுச்சத்து வெந்தபின் ஆறும்போது மறுபடி இறுகத் தொடங்கும். அந்த இறுக்கம் வேகமாக நடப்பது குளிர்பெட்டியின் சூட்டில்தான், பழைய சோறு பெட்டிக்குள் விறைப்பது அதனால்தான். ஆகவே வாங்கின அன்றே சமைத்துவிடுவது நல்லது. இறுகினதை அப்படியே சட்டியில் போட்டால் தூளாகும். ஆவியில் மூன்று நான்கு நிமிடம், அல்லது மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் மூடி வைத்துச் சூடாக்கினால் இளகும். கை பொறுக்கிற சூட்டில் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உடனே வறுக்க வேண்டும். வெந்நீரில் அலசுவதை நான் ஆதரிப்பதில்லை. அதில் ஏறும் தண்ணீரை விரட்ட நம் அடுப்பால் முடியாது.

காய்ந்த பட்டை நூடுல்ஸ்தான் கிடைக்கும் என்றால் அதுவும் மோசமில்லை, ஆனால் உணவை அதற்கேற்ப மாற்ற வேண்டும். கொதிநீரில் போட்டு வேகவைத்தால் வெளியே குழைந்து உள்ளே நரம்பு நிற்கும். அறை வெப்பத் தண்ணீரில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, விரலில் சுற்றினால் உடையாமல் சுற்றுகிற பதத்தில் வடியுங்கள். மீதி வேக்காடு சட்டியில். இரண்டு கை சாறு தெளித்து, அது வற்றும்வரை புரட்டி, அப்புறம் சாஸ். பட் சீயூ இதில் நன்றாக வரும். குழம்பு வகை சுமார். உலர் ஹோர் ஃபன் வரவே வராது, அதன் வழவழப்பு காய்ந்த நூடுல்ஸில் இல்லை.

எதுவுமே கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு நம் அடுப்படியிலேயே ஒரு வழி இருக்கிறது, இட்லிச் சட்டி. 150 கிராம் நைசான பச்சரிசி மாவு, 40 கிராம் மரவள்ளி மாவு, 400 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெய் தடவிய தட்டையான தட்டில் மெல்லிசாக ஊற்றி மூன்று நிமிடம் ஆவியில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் மாவை அடியோடு கலக்கிவிட்டு ஊற்ற வேண்டும், இல்லையென்றால் முதல் தட்டு தண்ணீராகவும் கடைசித் தட்டு கல்லாகவும் வரும். ஏடுகளை நன்றாக ஆறவிட்டு வெட்டுங்கள். வறுத்த இடியாப்ப மாவு இதற்குச் சரிப்படாது. இடியாப்பத்தையோ சேவையையோ கொய்த்தியாவுக்குப் பதிலாகப் போடச் சொல்பவர்களும் உண்டு. இடியாப்பம் இடியாப்பமாகவே இருக்கட்டும், அந்த மெல்லிசு சோயாவை உறிஞ்சி நிமிடத்தில் கூழாகிவிடும்.

இறைச்சியில் இரண்டு முடிவு. எந்தப் பாகம், எப்படி மிருதுவாக்குவது. அண்டர்கட் என்று கசாப்புக் கடையில் சொல்வது மிருதுதான், ஆனால் விலைக்கேற்ற ருசி இல்லை, இந்த உணவுக்கு அது ஆடம்பரம். பின்தொடை, இடுப்புப் பக்கம், வயிற்றுப்புறத் தட்டைச் சதை இவற்றுக்கு ருசி அதிகம், நார் நீளம். அரை மணி நேரம் உறையறையில் வைத்து, பாதி விறைத்த நிலையில் நாருக்குக் குறுக்கே 3 மில்லிமீட்டர் பருமனில் அரிந்தால் பாதிக் கடினம் போய்விடும். மலேசியச் சந்தையில் மலிவாக விற்கும் உறைந்த இறைச்சியில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வரும் எருமைக்கறி. கொழுப்புக் குறைவு, நார் கெட்டி, ரெண்டாங் மாதிரி மணிக்கணக்கில் வேகும் குழம்புக்கு அருமையானது. ஒரு நிமிடம் வறுப்பதற்கு அதைப் பயன்படுத்தினால் மிருதுவாக்காமல் வேலை நடக்காது.

மிருதுவாக்க நம்மவர்களுக்கு முதலில் நினைவு வருவது பப்பாளிக்காய். கெட்டித் துண்டுகளுக்கு நல்லது. 3 மில்லிமீட்டர் சீவலுக்கு அது அதிகப்படி. காயிலுள்ள நொதி புரதத்தையே வெட்டுவதால் மேற்பரப்பு மாவாகி, சட்டியில் சிவப்பதற்குள் பிசுபிசுக்கும். சீனச் சமையற்காரர்கள் செய்வது போல 250 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்துப் பிசறி 15, 20 நிமிடம் வைப்பது மேல். சோடா இறைச்சியைக் காரத்தன்மைக்குத் தள்ளுவதால் சூட்டில் புரதங்கள் இறுகச் சுருங்குவதில்லை, சாறும் உள்ளேயே நிற்கும். அளவு கூடினால் சோப்பு வாடை வரும், அதனால் ஒருமுறை அலசிப் பிழிந்துவிடுங்கள். பிறகு ஒரு கரண்டி சோயா, ஒரு கரண்டி சோள மாவு, கொஞ்சம் எண்ணெய். நல்ல பாகமாக இருந்தால் சோடாவே வேண்டாம், சோள மாவுப் பூச்சு மட்டும் போதும். குழம்பு வகைக்கு எந்த இறைச்சியானாலும் அந்தப் பூச்சை விடாதீர்கள். குழம்பில் வழவழவென்று நழுவும் துண்டு அதனால்தான் கிடைக்கிறது. சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி முக்கால் பதத்தில் எடுத்துவிட வேண்டும். உலர் வகைக்குக் கடைசி அரை நிமிடத்தில் திரும்பப் போடலாம், குழம்புக்கு மாவு கரைத்து ஊற்றினபின்.

சாஸ் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். பட் சீயூவுக்கு இரண்டு பேர் அளவு: சிப்பி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வெளிர் சோயா ஒரு மேசைக்கரண்டி, கறுப்பு சோயா இரண்டு தேக்கரண்டி, சர்க்கரை ஒன்றரைத் தேக்கரண்டி. ஹோர் ஃபனுக்குச் சிப்பி சாஸை எடுத்துவிட்டுச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். நிறத்துக்குக் கறுப்பு சோயா, உப்புக்கு வெளிர் சோயா. நிறம் போதவில்லை என்று வெளிர் சோயாவைக் கூட்டினால் தட்டு உப்புக் கரித்துப் போகும்.

எந்த வகையானாலும் கூடவே ஊறின பச்சை மிளகாய் வேண்டும். ஹோர் ஃபன் கடைகளில் சின்னக் கிண்ணத்தில் வைப்பார்கள், தாய்லாந்தில் வினிகரில் ஊறிய மிளகாய் மேசையிலேயே இருக்கும். சோயாவும் மாவும் கொழுப்பும் சேர்ந்த இந்தத் தட்டுக்கு அந்தப் புளிப்பு இல்லையென்றால் பாதியில் திகட்டும். மிளகாயை வட்டமாக அரிந்து, சூடான தண்ணீரில் ஒருமுறை அலசி, முங்கும் அளவு வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் உப்பும் சேர்த்து, இறைச்சியை உறையறையில் வைக்கும்போதே ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். நூடுல்ஸ் தட்டுக்கு வரும் நேரத்தில் அதுவும் தயாராகியிருக்கும்.